புராஸ்டேட் அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவு: இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைத் தொடங்கும் முறை

புராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக அகற்றிய பின், கதீட்டரை (சிறுநீரை வடிக்கச் செருகியிருந்த குழாயை) எடுத்த அன்றே உள்ளாடை நனைவதைக் கண்டு பலர் கலங்கிப்போகிறார்கள்; வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் வெளியே போவதையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சிறுநீர்ப்பையின் கழுத்தில் தானாகவே இயங்கி வந்த அடைப்பு அறுவையில் பாதிக்கப்படுவதால், அதன் வேலை முழுவதும் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி இறுக்கி மூடும் வெளிச் சுருக்குத்தசையின் மீதும், அதைத் தாங்கி இடுப்பின் அடியில் விரிந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகளின் மீதும் விழுகிறது. இவை நம் விருப்பப்படி இறுக்கக்கூடியவை என்பதால் பழக்கி வலுவாக்க முடியும்.

கதீட்டர் உள்ளே இருக்கும்வரை பயிற்சி கூடாது. அதை எடுத்து, மருத்துவர் அனுமதித்த பின் தொடங்குங்கள். அறுவைக்கு முன்பே பழகிக்கொள்ள வாய்த்தால் மிகவும் நல்லது.

முதல் வேலை, சரியான தசையைக் கண்டுபிடிப்பது. அவசரப்படாமல் இதற்குச் சில நாட்கள்கூடக் கொடுக்கலாம். முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்துக்கொண்டு, ஆண்குறியை உடலுக்குள் இழுத்துக் குறுக்குவதுபோல மென்மையாக இறுக்குங்கள். சரியாகச் செய்தால் அதன் அடிப்பகுதி சற்றே உள்வாங்கும், விரைகள் சிறிது மேலேறும். கைக்கண்ணாடியில் பார்த்தே இதை உறுதிசெய்யலாம். பலரும் ஆசனவாயை மட்டும் பலமாக இறுக்குகிறார்கள். அதனால் சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள தசைக்குப் போதிய வேலை கிடைப்பதில்லை. ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள்: வயிறு விறைத்தாலோ, பிட்டமும் தொடையும் இறுகினாலோ, மூச்சு நின்றாலோ, விட்டுவிட்டு இன்னும் மெதுவாக முயலுங்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்துவதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள். பை முழுதாகக் காலியாகாமல் போகக்கூடும்.

தசை பிடிபட்டதும், 3 முதல் 5 விநாடி இறுக்கி, குறைந்தது அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்துங்கள். இப்படி 10 முறை, நாளுக்கு 3 வேளை செய்து, சில வாரங்களில் 10 விநாடிவரை கூட்டலாம். ஒவ்வொரு வேளையின் முடிவிலும் சில விரைவான இறுக்கங்களைச் சேருங்கள். இருமலைச் சமாளிக்க அந்த வேகமே உதவும். அளவுக்கு மீறிச் செய்தால் தசை களைத்து, மாலையில் கசிவு கூடும்.

படுத்துச் செய்வது கைவந்ததும் உட்கார்ந்தும் நின்றும் பழகுங்கள். உண்மையான பலன் அதற்கடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நாற்காலியிலிருந்து எழும்போது கால்களைப் பின்னுக்கு இழுத்து, உடலை முன்னால் சாய்த்து, எழுவதற்குச் சற்று முன்பே இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து, நேராக நின்ற பின் தளர்த்துங்கள். இருமல், தும்மல், சுமை தூக்குதல் எல்லாவற்றிலும் இதே வரிசைதான்: இறுக்கம் முன்னால், அழுத்தம் பின்னால்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். அடர்ந்த சிறுநீர் பையை எரிச்சலூட்டி அவசர உணர்வைக் கூட்டும். காபியைக் குறைத்துப் பார்க்கலாம். மலச்சிக்கலில் முக்குவதும் இத்தசைகளைச் சோர்வாக்கும்.

தேறுவதற்குப் பெரும்பாலும் வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். கசிவை உறிஞ்சும் பேட் நாளுக்கு எத்தனை மாற்றினீர்கள் என்று குறித்து வந்தால் முன்னேற்றம் தெரியும். காய்ச்சல், இரத்தக் கட்டிகள், சிறுநீர் வராமை இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்த் தாரை மெலிந்துகொண்டே வந்தாலும் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள். முயன்றும் தசை பிடிபடவில்லை என்றால், இத்துறையில் பயின்ற பிசியோதெரபிஸ்ட் அல்ட்ராசவுண்ட் திரையில் அதைக் காட்டிக் கொடுப்பார். ஓராண்டுக்குப் பின்னும் தொல்லை தரும் அளவுக்குக் கசிவு நீடித்தால், சிறுநீர்க் குழாயைத் தாங்கும் பட்டை, செயற்கைச் சுருக்குத்தசை ஆகிய அறுவைத் தீர்வுகளைப் பற்றி உங்கள் சிறுநீரக அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்.