அவல நகைச்சுவைப் படத்தை எடைபோடுவது எப்படி?

டார்க் காமெடி எனப்படும் அவல நகைச்சுவைப் படம் வெளியான வாரத்திலேயே அதைக் காவியம் என்று கொண்டாடுவோரும் வக்கிரம் என்று ஒதுக்குவோரும் பெரும்பாலும் முதல் அதிர்ச்சியின் பிடியிலிருந்தே பேசுகிறார்கள். ஆகவே தீர்ப்பைச் சில மாதங்கள் தள்ளிவைத்து, திருப்பங்கள் அனைத்தும் தெரிந்த பிறகு படத்தை மறுபடியும் பாருங்கள். விருதையும் வசூலையும் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

அப்படிப் பார்க்கும்போது, சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964), பீட்டர் ஜார்ஜ் சற்றும் சிரிக்காமல் எழுதிய அணுப்போர் நாவலிலிருந்து உருவானது. அதில் அமெரிக்க அதிபர், குடிபோதையிலிருக்கும் சோவியத் பிரதமரைத் தொலைபேசியில் அழைத்து, குண்டுவீச்சு விமானங்கள் அவர் நாட்டை நோக்கிப் புறப்பட்டுவிட்ட செய்தியைக் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பக்குவமாகச் சொல்லிவிட்டு, இருவரில் யாருக்கு வருத்தம் அதிகம் என்று வாதாடத் தொடங்கிவிடுகிறார். மறுமுனைக் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதிபராக நடிக்கும் பீட்டர் செல்லர்ஸின் முகத்திலும் தான் நகைச்சுவை செய்கிறோம் என்ற சாயல் துளியும் இல்லை. பாத்திரங்கள் தம் அபத்தத்தை அறியாமல் முழு மனத்துடன் இயங்குவதால்தான் கதை தெரிந்த பின்னும் அக்காட்சி நீர்த்துப்போவதில்லை என்பது என் கருத்து. இதே படத்திற்காகப் போர் அறையில் கிரீம் பண்டங்களை வீசிக்கொள்ளும் பெரிய சண்டையொன்று படமாக்கப்பட்டது. வெறும் கூத்தாகிவிட்டதென்று குப்ரிக் அதை நீக்கிவிட்டார். நீங்கள் எடைபோடும் படத்திலும், இயக்குநர் நீக்கியிருக்க வேண்டிய காட்சி எது என்று தேடிப் பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தால் மன்னிக்கலாம். படத்தின் உச்சக்கட்டமே அப்படியிருந்தால் பாராட்டைக் குறைத்துக்கொள்வதே நியாயம்.

அடுத்து, சிரிப்பு யார்மீது விழுகிறது என்று பார்க்க வேண்டும். எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் 'டு பி ஆர் நாட் டு பி', போலந்து நாஜிகளின் பிடியில் இருந்தபோதே, 1942இல் வெளிவந்து, ரசனையற்றது என்ற கண்டனத்துக்கும் ஆளானது. ஆனால் அது பரிகசிப்பது ஆக்கிரமிப்பாளரின் முட்டாள்தனத்தையும் கதையில் வரும் நாடக நடிகர்களின் தற்பெருமையையும்தான். துன்பப்படுவோரை அது கேலிப்பொருளாக்கவில்லை. பின்னாளில் அது பெற்ற மதிப்புக்கு இதுவே முதற்காரணம் என்பேன்.

ஹிட்லரைப் பகடிசெய்யும் சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' (1940) இந்த அளவுகோலுக்கு எளிதில் அடங்காதது. வதைமுகாம்களின் உண்மையான கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் அதை எடுத்திருக்கவே முடியாது என்று, 1964இல் வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதினார். இத்தகைய படத்தில், பிற்காலத்தில் தெரியவந்த உண்மைக்கு முன் எந்தக் காட்சி கூசிப்போகிறது, எது இன்னும் நிற்கிறது என்று தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே முறை. உலக உருண்டை பலூனோடு சர்வாதிகாரி ஆடும் நடனம் இன்றும் நிற்கிறது; முகாம் காட்சிகளைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.