வாளையார்க் கணவாயில் ஒரு குறுக்கீட்டுமானி: நுண்ணுணர்வைக் கூட்டும் வழி

லேசர் ஒளியை இரண்டு கைகளாகப் பிரித்து, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி மீண்டும் சேரும்போது எழும் ஒளி-இருள் பட்டைகளைக் கொண்டு மிகச் சிறிய அசைவை அளக்கும் கருவி லேசர் குறுக்கீட்டுமானி. அதன் நுண்ணுணர்வைக் கூட்ட விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்பது திறன் மிகுந்த லேசரைத்தான். அதைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். ரயில் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் அருகருகே ஓடும் வாளையார்ப் பகுதியில் தரைதான் முதல் எதிரி.

முதல் வேலை, இரைச்சலைப் பிரித்து அளப்பது. லேசரை மறைத்து, ஒளி உணரியின் வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் பதிந்தால் மின்சுற்றின் இரைச்சல் மட்டும் தெரியும். ஒரு கையை மட்டும் மறைத்தால் ஒளிச்செறிவின் ஏற்ற இறக்கமும் சேரும். இரு கைகளையும் திறந்தால் கண்ணாடிகளின் அசைவும் கூடும். எது பெரிதோ அதைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.

அளவை நீளமாக மாற்றவும் வேண்டும். 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் ஒளியில், கண்ணாடி 316.4 நானோமீட்டர் நகர்ந்தால் ஒரு பட்டை கடக்கும். பொலிவுக்கும் கருமைக்கும் இடையே 1 வோல்ட் வேறுபாடு இருந்தால், நடுப்புள்ளியில் 1 நானோமீட்டர் அசைவு ஏறத்தாழ 10 மில்லிவோல்ட்டாகத் தெரியும். அந்தப் புள்ளியிலேயே நிற்க, பசரிலிருந்து கழற்றிய, மின்னழுத்தத்துக்கேற்ப நுண்ணிதாக வளையும் பீசோ வில்லையைக் கண்ணாடியின் பின்புறம் ஒட்டி, உணரியின் வெளியீட்டைக் கொண்டே பின்னூட்டம் கொடுக்கலாம். ஒளிச்செறிவின் ஏற்ற இறக்கம் அங்கே முழுதாக நுழையும் என்பதால் ஈர்ப்பலைகளை அளக்கும் அமெரிக்காவின் லைகோ (LIGO) கருவிகள் கருமைக்கு அருகில் இயங்குகின்றன.

அடுத்தது தரை. பாதிக் காற்றடைத்த ஸ்கூட்டர் ட்யூப்களின் மேல் கனமான கடப்பாக் கல்லை வைத்து, அதன்மேல் கருவியை அமைக்கலாம். 25 செ.மீ. நூலில் தொங்கும் கண்ணாடி நொடிக்கு ஒரு முறை ஊசலாடும். நொடிக்கு 10 முறை அதிரும் தரையின் அசைவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே அதைச் சேரும். லைகோவில் 40 கிலோ சிலிக்கா கண்ணாடிகள் நான்கு அடுக்கு ஊசல்களில் தொங்குவது இதற்காகத்தான். அங்கும், லைகோவின் இரு நிலையங்களில் ஒன்றான லிவிங்ஸ்டனுக்கு ரயில்கள் தொல்லைதான். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று வீசும்போது மூடிய பெட்டி கட்டாயம். லைகோவின் 4 கி.மீ. கைகளோ வெற்றிடத்துக்குள்ளேயே இருக்கின்றன.

இவ்வளவும் அடங்கிய பிறகே லேசர். ஒளித்துகள்களின் எண்ணிக்கைத் தடுமாற்றத்தால் வரும் இரைச்சலைப் பாதியாக்க, திறனை நான்கு மடங்காக்க வேண்டும். ஆனால் திறன் ஏற ஏற, ஒளியின் அழுத்தமே கண்ணாடியைத் தள்ளிக் குறைந்த அதிர்வெண்களில் கெடுக்கும். இதைச் சமாளிக்கவே லைகோவில் 300 மீட்டர் வடிகட்டு குழிவுடன் (ஒளி முன்னும் பின்னும் எதிரொளிக்கும், கண்ணாடிகளுக்கு இடைப்பட்ட வெளி) இறுக்கிய ஒளி, அதாவது குவாண்டம் தடுமாற்றம் ஒரு பண்பில் குறைக்கப்பட்ட ஒளி, பயன்படுகிறது. நம் மேசைக் கருவி அந்த எல்லையின் பக்கம்கூடப் போவதில்லை. ட்யூபில் காற்று சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.