மண்ணுக்குள் கிடைத்த வலை எதனுடையது என்று பார்ப்பது எப்படி?

மண்வெட்டியில் வலைத்துண்டு சிக்கினால் இழுக்காதீர்கள். எங்கள் நாகப்பட்டினம் பக்கம் இப்படிக் கிடைப்பதை எல்லாம் "சுனாமி வலை" என்று சொல்லிவிடுவார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்து படகையும் வலையையும் மண்ணோடு மூடியது உண்மைதான். அதற்காக மண்ணுக்குள் இருப்பதெல்லாம் மீன் வலை ஆகிவிடுமா? வலை கட்டும் வீட்டில் பிறந்தவன் என்று என்னிடம் கொண்டு வருகிற துண்டுகளில் நாற்றங்காலுக்குப் போட்ட நிழல்வலையும் நிறைய இருக்கிறது.

இழுத்தால் ஓரம் அறுந்துவிடும். வலையின் அடையாளமே ஓரத்தில்தான்: மேல்கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு, சுட்ட மண்குண்டு. கையால் மண்ணைத் தள்ளி, சுற்றிலும் தேடுங்கள். 1913-ல், அன்று பின்லாந்தில் இருந்த அந்திரேயாவில், புல்வெளியில் வாய்க்கால் வெட்டும்போது ஒரு வலை கிடைத்தது. வில்லோ மரப்பட்டை நாரில் கட்டியது, வயது 10,000 ஆண்டுக்கும் மேல். கல் குண்டுகளும் பைன் பட்டை மிதப்புகளும் கூடவே கிடந்தன. நூல் இற்றுப்போனாலும் குண்டு இருந்தால் அது மீன் வலை என்று தெரிந்துவிடும்.

அடுத்து, இழைகள் சேரும் இடம். முடிச்சே இல்லாமல் பிளாஸ்டிக் ஒட்டி வார்த்த மாதிரி இருந்தால் தோட்டத்து வேலி வலை அல்லது புல்தரை வலை. தட்டை நாடாவால் பின்னியிருந்தால் நிழல்வலை. தடித்த கயிறு, குவிந்த உருவம் என்றால் உறியோ மாட்டின் வாய்க்கூடோ. மெல்லிய நூலில் இறுக்கமான முடிச்சு இருந்தால் மீன் வலையா என்று யோசிக்க வேண்டும். அப்போது வலையின் கண்ணை, அதாவது ஓட்டையை, இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளந்து பாருங்கள். எல்லாக் கண்ணும் ஒரே அளவாக இருந்தால், மீனின் செவுள் சிக்கிக்கொள்ளும் செவுள்வலையாக இருக்கலாம். போகப்போகக் கண் சிறுத்தால், கரையிலிருந்து இழுக்கும் கரைவலையில் மீன் சேரும் பையான மடிப் பக்கம். வளைந்த ஓரம் நெடுக ஈயம் கோத்திருந்தால் வீச்சுவலை, அதில் சந்தேகமே வேண்டாம்.

நூல் எது என்று அறிய, ஒரு துண்டை நன்றாகக் கழுவி, சோப்புத் தண்ணீரில் அமுக்கிக் காற்றை வெளியேற்றி விடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ராப்பிலீன். முழுகினால் நைலான், பாலியெஸ்டர், பருத்தி என ஏதோ ஒன்று. பிறகு வெட்டவெளியில் ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். நைலான் தீயைக் கண்டு சுருங்கி உருகும், ஆறியதும் கெட்டியான மணியாகும். பாலிஎத்திலீன் மெழுகுவர்த்தி வாசத்தோடு சொட்டும். புகையை முகராதீர்கள். நார் வலை, பக்கத்தில் மண்குண்டு என்றால் கொளுத்தவே வேண்டாம், அது பழங்காலத்ததாக இருக்கலாம்.

வயதைப் பளபளப்பை வைத்துச் சொல்ல முடியாது. நைலானைக் கெடுப்பது வெயில்; மண்ணுக்குள் அது நிறம் மாறாமல் பல ஆண்டுகள் கிடக்கும். ஆனால் நைலான் உலகுக்கு அறிமுகமானதே 1938-ல்தான், ஆகவே அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. பருத்தி ஈர மண்ணில் சீக்கிரம் மக்கிவிடும். பழைய பருத்தி மிஞ்சியிருந்தால் அந்த மண் மிக வறண்டதாகவோ காற்றுப் புகாத சேறாகவோ இருக்கும்.

நார் வலையும் குண்டும் வரிசையாகக் கிடந்தால் படம் எடுத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்ட அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். நைலான் என்றால் மிச்சம் வைக்காமல் தோண்டி எடுத்துவிடுங்கள். சாரைப்பாம்பு அதில் மாட்டிக்கொண்டு சாகும்.