பார்த்துப் பார்த்து வைத்திருந்த காரை விற்கும்போது நடக்கும் தவறுகள்

வருடக்கணக்காகக் காரைப் பொத்திப் பாதுகாத்திருப்போம். சர்வீஸ் ஒன்றுகூடத் தள்ளிப் போயிருக்காது. வாங்க வருபவர் பார்த்த உடனே அது புரிந்துவிடும் என்று நம்புகிறோம் பாருங்கள், முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. நாம் எடுத்துக்கொண்ட அக்கறை அவருக்குத் தெரியாது. பெயின்ட், டயர், எஞ்சின் சத்தம், கையில் கொடுக்கும் காகிதங்கள், இவற்றை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார். அதனால் அக்கறைக்குச் சாட்சி வேண்டும்.

நல்ல சாட்சி பழைய பில்கள்தான். பெரும்பாலான சர்வீஸ் பில்களில் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் இருக்கும். தேதிவாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் போட்டுவிட்டால், கிலோமீட்டர் படிப்படியாக ஏறிவந்திருப்பது தெரியும். மீட்டரைக் குறைத்திருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. எஞ்சினில் டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டை) இருந்தால், அதை மாற்றிய பில்லை மேலே வையுங்கள். அந்த பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகளே வளைந்துவிடும். விவரம் தெரிந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார். பில்களைத் தொலைத்துவிட்டீர்களா? வழக்கமாக சர்வீஸ் செய்த இடத்தில் பழைய பதிவுகள் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, விற்பதற்காகவே செய்யும் அலங்காரம். உள்ளே வெளியே சுத்தம் செய்வது அவசியம்தான். ஆனால் எஞ்சினைத் தண்ணீர் அடித்துப் பளபளப்பாக்கினால், ஆயில் கசிவை மறைக்கத்தான் கழுவியிருக்கிறார்கள் என்றே அனுபவசாலி நினைப்பார். தண்ணீர் மின் இணைப்புகளில் இறங்கினால் புதிய கோளாறு வேறு. வாசனைத் திரவத்தை அள்ளித் தெளிப்பதும் அப்படித்தான், உள்ளே ஈர வாடை இருக்கிறதோ என்று கேட்கவைக்கும்.

சின்னக் கீறலுக்காக ஒரு கதவு முழுவதையும் பெயின்ட் அடிக்காதீர்கள். பெயின்டின் தடிமனை அளக்கும் சிறிய கருவியைப் பலர் கையோடு கொண்டுவருகிறார்கள். மற்ற கதவுகளைவிட ஒன்றில் மட்டும் அளவு கூடுதலாகக் காட்டினால், விபத்தில் அடிபட்ட வண்டி என்றுதான் முதலில் தோன்றும். என் காரை விற்றபோது பின்கதவில் இருந்த பள்ளத்தை நான் தொடவே இல்லை. தூணில் உரசியது என்று நானே முதலில் காட்டினேன். வந்தவர் குனிந்து பார்த்தார், தலையாட்டினார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வாங்குபவர் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் புகை, தட்டல் சத்தம், பேட்டரியின் பலவீனம் எல்லாம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை, காரின் கணினியில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து அழித்துவிட்டு விற்பது இன்னும் மோசம். அழித்த பிறகு, காரின் கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து ஓட்டி முடிக்கக் கொஞ்ச நாள் ஓட்டம் தேவைப்படும். அவை முடியாமல் இருப்பதை வாங்குபவரின் ஸ்கேனர் காட்டிவிடும். காரணத்தைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

எதைச் சரிசெய்வது, எதை விடுவது? எரியாத பல்பு, தேய்ந்த வைப்பர் போன்ற சில்லறை வேலைகளை முடித்துவிடலாம். கிளட்ச், சஸ்பென்ஷன் போன்ற பெரிய செலவாக இருந்தால் மெக்கானிக்கிடம் மதிப்பீடு எழுதி வாங்கி, அதைக் காட்டி விலையில் கழிப்பதே மேல். டயரின் வயதையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். 2321 என்றால் 2021-ன் 23-ஆவது வாரம்.

விலை விஷயத்தில் நம் பாசம்தான் எதிரி. சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் செலவழித்ததை வாங்குபவர் தரமாட்டார். அதே வருடம், அதே மாடல், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய கார்கள் என்ன விலைக்கு உண்மையில் கைமாறின என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் போடுவது கேட்கும் விலைதான். அதேசமயம், காரைப் பார்க்காமலே போனில் “கடைசி விலை என்ன?” என்பவரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள். நேரில் வந்து இன்னொரு முறை குறைப்பார்.

டெஸ்ட் டிரைவுக்கு முன் ஓட்டுநர் உரிமத்தைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும், நீங்களும் கூடவே உட்கார வேண்டும்.

பக்கத்துத் தெருக்காரர், உறவினர், கூட வேலை செய்பவர் வாங்கும்போதுதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. ‘தெரிந்தவர்தானே, காகிதமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சாவியைக் கொடுத்துவிடுகிறோம். பதிவு ஆவணத்தில் பெயர் மாறாதவரை அபராத நோட்டீஸும் விபத்து வழக்கும் பழைய ஓனரைத்தான் தேடி வரும். “ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு” என்று வாய்வார்த்தை கொடுப்பதும் வேண்டாம். பழைய கார் எதற்கும் யாரும் அப்படிப் பொறுப்பேற்க முடியாது. அதற்குப் பதிலாக, உங்களுக்குத் தெரிந்த குறைகளை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நாளை ஏதாவது பழுதானாலும் எதிரெதிரே பார்த்துக்கொள்ள முடியும். எனக்கு அது விலையில் கிடைக்கும் கொஞ்சம் கூடுதல் பணத்தைவிடப் பெரியது.

கார்க் கடன் பாக்கி இருந்தால் அடைத்து, பதிவு ஆவணத்திலிருந்து கடன் கொடுத்தவர் பெயரை நீக்கிய பிறகே விற்பனைக்கு வாருங்கள். பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்துவிட்டு, தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் எழுதிய ரசீதோடு காரைக் கொடுங்கள்.

சாவி கைமாறும் முன், புளூடூத்தில் இருக்கும் போன் எண்களையும் காரின் வழிகாட்டும் மேப்பில் இருக்கும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். கார் மொபைல் ஆப்போடு இணைந்திருந்தால் உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள். இல்லையென்றால் விற்ற பிறகும் அந்தக் குடும்பம் எங்கே போகிறது என்பது உங்கள் போனில் தெரிந்துகொண்டிருக்கும்.