கேமரா பிடித்ததா, இல்லையா? வேக அபராதம் வந்திருக்கிறதா என்று பார்க்கும் முறை

வேகக் கேமராவைக் கடந்துவிட்டு அபராதம் வருமா என்று தவிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கைபேசியில் குறுஞ்செய்தி வருகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குறுஞ்செய்தியை நம்பி உட்கார்ந்திருப்பது வீண். அபராதம் பதிவாகியும் செய்தி வராமல் போகலாம். அபராதமே இல்லாதவருக்கும் போலிச் செய்தி வரலாம். நாமே போய்ப் பார்ப்பதுதான் வழி. இதற்குமுன் இணையத்தில் சலான், அதாவது அபராத அறிவிப்பு, பார்த்தே அறியாதவர்களுக்காக, வேலூர்ப் பக்கத்து நிலைமையை வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: அன்றைக்கே குறித்து வையுங்கள்

தேதி, நேரம், எந்த ஊருக்கு அருகில், எந்தத் திசையில் போனீர்கள், வண்டியை ஓட்டியது யார் ஆகியவற்றை எழுதி வையுங்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு இது எளிது. வாணியம்பாடி, பள்ளிகொண்டா, வாலாஜா சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டாக் பணம் பிடித்த நேரம் கணக்கில் நிற்கும். அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள், பின்னால் உதவும்.

அந்த இடத்தின் வேக வரம்புப் பலகை நினைவிருந்தால் அதையும் குறியுங்கள். "நாலு வழிச்சாலையில் நூறு போகலாம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். மத்திய அரசு 2018இல் வரம்புகளை உயர்த்தியது; அந்த அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. இந்தக் குழப்பத்துக்குள் நாம் போக வேண்டியதில்லை. பலகையில் என்ன எண் இருந்ததோ அதை வைத்தே யோசியுங்கள். கார் முன்பலகையில் தெரியும் வேகம் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி அமைக்கப்படுவது வழக்கம். முள் வரம்பைக் கொஞ்சம் தாண்டியதைப் பார்த்தவர்கள் அந்த அளவுக்கு ஆறுதல் கொள்ளலாம்.

'ஃபிளாஷ் அடிக்கவில்லை, அதனால் பிடிக்கவில்லை' என்பதை மட்டும் நம்பாதீர்கள். அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கும் கேமராக்களின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. மறுபக்கம், கம்பத்தில் தொங்கும் எல்லாக் கேமராவும் வேகத்தை அளப்பதில்லை. வேலூர் கிரீன் சர்க்கிள் போன்ற சந்திப்புகளில் பார்ப்பவை வெறும் கண்காணிப்புக் கேமராக்களாகவும் இருக்கலாம். உங்கள் வேகத்தை எண்ணாகக் காட்டும் ஒளிப்பலகை பல இடங்களில் எச்சரிக்கைக்கு மட்டுமே வைக்கப்படுகிறது.

இரண்டாம் படி: ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) யாருடைய கைபேசி எண் இருக்கிறது?

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். சலான் பதிவானதும் செய்தி போவது வண்டியின் பதிவில் உள்ள எண்ணுக்கு. அது ஷோரூமில் அவசரத்தில் எழுதிய எண்ணாக இருக்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் பழைய உரிமையாளருடையதாகவோ, இடையில் நின்ற புரோக்கருடையதாகவோ இருக்கலாம். வண்டி அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன், செய்தி போவது குடியாத்தத்தில் மாவு மில்லில் நிற்கும் அப்பாவின் பட்டன் போனுக்கு. அவர் ஆங்கிலச் செய்தியைப் படிக்காமலே அழித்துவிடுவார். பிறகு மகன் "எனக்கு எதுவும் வரவில்லையே" என்பான்.

மத்தியப் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில், வாகன் சேவைகள் பகுதியில் கைபேசி எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. வண்டி எண், சேஸிஸ் எண் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்), எஞ்சின் எண், பதிவுத் தேதி ஆகியவற்றைக் கேட்கும், எல்லாம் ஆர்.சி.யிலேயே இருக்கின்றன. இணையத்தில் நடக்கவில்லை என்றால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தாலும் பழைய வண்டிகள் வேலூரின் டிஎன் 23 எண்ணோடுதான் ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வண்டி எந்த அலுவலகப் பதிவில் இருக்கிறது என்று ஆர்.சி.யைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையேல் ஒரு பகல் வீண்.

மூன்றாம் படி: தளத்தில் தேடுதல்

இ-சலான் தளத்தின் முகவரி 'இசலான் டாட் பரிவாகன் டாட் கவ் டாட் இன்'. கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொடாதீர்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே போங்கள்.

சலான் நிலையைப் பார்க்கும் பகுதியில் மூன்று வழிகளில் தேடலாம்: சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண். நமக்குச் சலானே வந்ததா என்று தெரியாது. ஆகவே வண்டி எண். இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டிவிட்டு "எதுவும் இல்லை" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அடுத்துச் சேஸிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும். பிறகு படத்தில் தெரியும் குறியீட்டை நிரப்ப வேண்டும்.

எப்போது பார்ப்பது? 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கருவி பதிவு செய்த குற்றத்துக்கான அறிவிப்பு 15 நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும் என்கிறது. கேமரா எடுத்த படம் உடனே சலான் ஆகிவிடாது. எண் பலகை சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறதா, பதிவிலுள்ள வண்டியோடு பொருந்துகிறதா என்ற சரிபார்ப்பெல்லாம் இருக்கிறது. ஆகவே மறுநாளே தேடி ஒன்றுமில்லை என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு முறை, 15 நாள் முடிந்ததும் ஒரு முறை, மாதம் கழிந்து கடைசியாக ஒரு முறை பார்த்தால் போதும். 15 நாள் தாண்டிவிட்டால் அபராதம் தானாகச் செல்லாததாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். தாமதம் என்பது நீதிமன்றத்தில் நீங்கள் முன்வைக்கக்கூடிய வாதம். தளம் அதைப் பார்த்துச் சலானை அழித்துவிடாது.

நான்காம் படி: எல்லை தாண்டினீர்களா?

நம் பக்கத்தில் இது கட்டாயம். வடக்கே கொஞ்சம் போனால் சித்தூர், மேற்கே ஓசூர் தாண்டினால் கர்நாடகம். திருப்பதிக்கும் பெங்களூருக்கும் போய்வராத வீடு வேலூரில் குறைவு. மத்திய தளத்தில் ஒன்றும் இல்லை என்றாலும், பெங்களூரு போக்குவரத்துப் போலீசார் தனித் தளம் வைத்திருக்கிறார்கள். ஆந்திரத்துக்கும் தனித் தளம் உண்டு. அந்த வழியாகப் போயிருந்தால் அங்கேயும் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பெங்களூரில் படிக்கும் பிள்ளையிடம் வண்டி இருந்தால் கேட்கவே வேண்டாம், பார்த்துவிடுங்கள். பதிவு தமிழ்நாட்டு வண்டியாயிற்றே, அவர்களால் என்ன செய்ய முடியும் என்ற பேச்சு இப்போது எடுபடாது.

இடையில் ஒரு எச்சரிக்கை

இந்தக் காத்திருப்பு நாட்களில்தான் மோசடிக்காரன் கை நுழைகிறது. மனம் ஏற்கெனவே அபராதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்பதால், "உங்கள் வாகனத்துக்குச் சலான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தவுடன் விரல் தானாகப் போய் அழுத்துகிறது. அந்தக் கோப்பு ஒரு செயலி. நிறுவிவிட்டால் உங்கள் குறுஞ்செய்திகளை, அதாவது வங்கியின் ஓ.டி.பி.யையும், வெளியே அனுப்பத் தொடங்கிவிடும். அரசு எந்தச் சலானையும் செயலிக் கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. எந்தச் செய்தி வந்தாலும் அதிலுள்ள இணைப்பை விட்டுவிட்டு, மூன்றாம் படியில் சொன்னபடி நீங்களே தளத்துக்குப் போய்ப் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது சைபர் குற்ற உதவி எண். வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் அந்த எண்ணைச் சேமித்து வைப்பது இன்னும் நல்லது.

ஐந்தாம் படி: சலான் வந்திருந்தால்

உடனே பணம் கட்ட ஓடாதீர்கள். முதலில் படத்தைத் திறந்து பாருங்கள். அதே 167ஏ விதிப்படி குற்றத்தையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு எல்லாம் அறிவிப்பில் இருக்க வேண்டும். வேகத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு. கார் போன்ற இலகு ரக வண்டிக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2000 முதல் 4000 ரூபாய் வரை என்று சட்டம் சொல்கிறது. திருத்தப்பட்ட அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா? நிறம், மாடல், முன்பக்கத்து ஒட்டுப்படம் எல்லாம் பாருங்கள். எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம். உங்கள் எண்ணை வேறு யாராவது போலியாக மாட்டிக்கொண்டு ஓட்டலாம். சலான் சொல்லும் நேரத்தில் உங்கள் வண்டி பள்ளிகொண்டா சாவடியில் நின்றதாக ஃபாஸ்டாக் கணக்கு காட்டினால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. முதல் படியில் எழுதி வைத்த குறிப்பு இங்கே கைகொடுக்கும். தளத்திலேயே புகார் பதியும் பகுதி இருக்கிறது. ஆதாரத்தை இணைத்து அங்கே எழுதுங்கள்.

வண்டியை வேறொருவர் ஓட்டியிருந்தால், அவர் விவரத்தை அதிகாரி கேட்கும்போது உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும். அதே சட்டத்தின் 133ஆம் பிரிவு அப்படி. மச்சானுக்கு வண்டி கொடுக்கும் முன் இதையும் யோசிக்கலாம்.

தவறு உங்களுடையதுதான் என்றால் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் வழக்கு இணையவழி நீதிமன்றத்துக்குப் போகலாம். நாளை வண்டியை விற்கும்போது பெயர் மாற்றமும் நிலுவையில் முட்டி நிற்கலாம்.

பணம் வங்கியிலிருந்து போய்விட்டது, தளம் இன்னும் 'நிலுவை' என்றே காட்டுகிறது என்றால் மறுபடி கட்டாதீர்கள். நின்றுபோன பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி அதே தளத்தில் இருக்கிறது. அதில் சலான் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். நிலை மாறியதும் ரசீதை இறக்கி, ஆர்.சி. நகலோடு சேர்த்து வையுங்கள்.