எஸ்9 என்றால் காபிச் செடியா, ரயில் பெட்டியா? குறியீட்டில் குழம்பாமல் இருக்கும் வழி

ஏற்காட்டில் எங்கள் தோட்டத்தில் காபி காயவைக்கும் களத்துக்குத் தளம் போட்டபோது மேஸ்திரி ஒரு துண்டுச் சீட்டில் 'எம்20, எம்12 – 8' என்று எழுதிக் கொடுத்தார். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் இரண்டுமே போல்ட் என்று நினைத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எம்12 போல்ட்தான், மோட்டாரைப் பதிக்க எட்டு வேண்டும். எம்20 என்று அவர் எழுதியது தளத்துக்கான கான்கிரீட்டின் தரம். தேவையில்லாத போல்ட்டைத் திருப்பிக் கொடுக்க 20 கொண்டை ஊசி வளைவையும் மறுபடி இறங்கி ஏறியதில் ஒரு நாள் வேலை போனது. அதற்குப் பிறகுதான் இந்த மாதிரி ஓரெழுத்து, ஓரெண் குறியீடுகளை எப்படிப் படிப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன்.

எம்20 போல்ட் என்று ஒன்று உண்மையிலேயே கடையில் இருக்கிறது, சிக்கலே அதுதான். போல்ட்டில் 'எம்' என்றால் மெட்ரிக், 20 என்பது அதன் தண்டின் விட்டம், மில்லிமீட்டரில். கான்கிரீட்டில் 'எம்' என்றால் மிக்ஸ், அதாவது கலவை; 28 நாள் கழித்து ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று கணக்கு. ஒரே வேலையிடத்தில், ஒரே சீட்டில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு எம்20.

அதனால் குறியீட்டைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, இந்த எழுத்தை வைத்தது யார்? சேர்வராயன் மலையில் யாராவது 'எஸ்9 நட்டிருக்கேன்' என்றால் அது காபி ரகம். 'எஸ்' என்றால் செலக்‌ஷன், தேர்ந்தெடுத்த ரகம் என்று பொருள். எத்தியோப்பியாவிலிருந்து வந்த டஃபாரிகேலா, ஹைப்ரிடோ டி டிமோர் என்ற இரண்டு காபி வகைகளையும் இனக்கலப்பு செய்து எடுத்தது அது. அதே ஆள் சூரமங்கலம் ஜங்ஷனில் நின்றுகொண்டு 'எஸ்9' என்றால் ஸ்லீப்பர் பெட்டி. செல்போன் கடையில் சொன்னால் 2018-இல் வந்த சாம்சங் போன். இடம் மாறினால் எழுத்தின் பொருளே மாறிவிடும், ஆகவே குறியீட்டை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பலனில்லை, அது யார் கையிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எண் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எம்12-ஐ விட எம்20 தடிமன், ஏனென்றால் அந்த எண் அளவு. ஆனால் ஏ4 தாளை விட ஏ3 பெரியது; ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏ0 தாளை எத்தனை முறை பாதியாக்கினோம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, நான்கு முறை பாதியாக்கினால் 210-க்கு 297 மில்லிமீட்டர். எஸ்795 காபியை விட எஸ்9 மட்டமா? இல்லவே இல்லை, அங்கே எண் வெறும் பெயர். வண்டி பல்பிலும் அப்படித்தான்: எச்1-இல் ஒரு இழை, எச்4-இல் தாழ்ந்த வெளிச்சத்துக்கு ஒன்று, தூரத்து வெளிச்சத்துக்கு ஒன்று என இரண்டு இழை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. எண் பெரியதாக இருப்பதால் பொருளும் மேலானது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள்.

எச்1 இன்னொரு இடத்தில் ரொம்ப முக்கியம். மருந்துக் கடையில் 'அது எச்1 மருந்து, சீட்டு இல்லாம தர முடியாது' என்றால் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பட்டியல் அது. சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகளெல்லாம் அதில் வரும். விற்றால் யாருக்கு, எந்த டாக்டர் எழுதியது என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ரயிலில் எச்1 என்றால் முதல் வகுப்பு ஏசி. பட்டியலும் பல்பும் பெட்டியும், மூன்றும் எச்1.

ஏ2-வும் இப்படித்தான். பால் விற்பவர் சொல்வது பாலில் உள்ள பீட்டா கேசின் புரதத்தின் ஒரு வகை. செய்தியில் வருவது வழக்கில் இரண்டாவதாகச் சேர்க்கப்பட்டவர். ஜெர்மன் வகுப்புக்குப் போகும் நர்சிங் பிள்ளைகளுக்கு அது மொழித் தேர்வின் இரண்டாவது படி. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், 'பி1 கிடைச்சிருச்சு' என்று மெசேஜ் வரும்போது ரயில் டிக்கெட்டா, தேர்ச்சியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் வாழ்த்துங்கள்.

தமிழில் எழுதும்போது கூடுதலாக ஒரு கவனம் தேவை. நம் எழுத்தில் 'பி' என்பது ஆங்கிலத்தின் இரண்டு வெவ்வேறு எழுத்துகளுக்கும் பொது, 'டி'யும் அப்படியே. போனில் எம்மும் என்னும் ஒன்றாகக் கேட்கும், மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தால் கேட்கவே வேண்டாம். பாம்பே பி, பேப்பர் பி என்று சொல்லிவிடுவது நல்லது. ஆனால் விவசாயப் பக்கங்களில் தமிழ் கைகொடுக்கிறது: கோயம்புத்தூர் ரகங்களைக் 'கோ' என்று எழுதுவதால் கோ 2 பப்பாளியைக் கரியமில வாயுவோடு யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

சரி, எழுதும்போது என்ன செய்வது? குறியீட்டுக்கு முன்னால் பொருளின் பெயர், பின்னால் ஒரு அளவோ அடையாளமோ, அவ்வளவுதான். இணையத்தில் தேடும்போதும் பெயரைச் சேர்த்தே தேடுங்கள். வாங்கப் போகும் ஆளுக்குப் பழசு ஒன்றைக் கையில் கொடுத்தனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது, கழற்றிய பல்பை நீட்டினால் கடைக்காரர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. இந்த வாரம் நான் எழுதி வைத்திருக்கும் சீட்டு இது: ஜீப் ஹெட்லைட் பல்பு எச்4, 12 வோல்ட், 60/55 வாட் – 2. போல்ட் எம்8, 50 மில்லிமீட்டர் நீளம், நட்டோடு – 20. அம்மாவுக்கு வைட்டமின் பி12 மாத்திரை, டாக்டர் சீட்டு பர்ஸில். வெள்ளைத் தாள் ஏ4 – 1 கட்டு. மேஸ்திரியின் சீட்டிலும் எம்20-க்கு முன்னால் 'கான்கிரீட்' என்று அவரையே எழுத வைத்துவிட்டேன்.