ஒரு கேபிள் அல்ல, மூன்று கேபிள்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை, இரவு ஷிப்ட். எந்த ஒயர் எங்கே போகிறது என்று எழுதிவைத்த எக்செல் தாளில் 'பேனல் 14, காலி' (ஒயர்கள் வந்து சேரும் பேட்ச் பேனல் பலகையில் 14ஆம் போர்ட், அதாவது 14ஆம் துளை) என்று இருந்ததை நம்பி அந்த ஒயரை உருவினேன். இரண்டே நிமிடத்தில் மேல்மாடியிலிருந்து போன்: லேபிள் பிரிண்டர் நான்கும் நின்றுவிட்டன. அந்த ஒயர் மேலே ஒரு குட்டி நெட்வொர்க் சுவிட்சுக்குப் போயிருக்கிறது. தாளைக் கீழே இறக்கிப் பார்த்தால் 14ஆம் போர்ட் இன்னொரு வரியிலும் இருக்கிறது, அங்கே பிரிண்டர் என்று. கூட வந்த அண்ணன் திட்டவில்லை. "கேபிளைக் கேளு தம்பி, எக்செல்லைக் கேட்காதே" என்றார்.

இப்போது எனக்கு நெட்பாக்ஸ்தான். எந்தக் கருவி எங்கே இருக்கிறது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று பதிந்துவைக்கும் மென்பொருள், 2016இல் டிஜிட்டல்ஓஷன் என்ற கிளவுட் நிறுவனம் திறமூலமாக வெளியிட்டது. ஒரு போர்ட்டில் ஏற்கனவே கேபிள் பதிந்திருந்தால், பழையதை அழிக்காமல் இன்னொன்றைச் சேர்க்க அது விடாது. எக்செல் எதை எழுதினாலும் சரி என்று வாங்கிக்கொள்ளும்.

புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: நெட்பாக்ஸில் சுவிட்சிலிருந்து சர்வருக்கு நேராக ஒரு கேபிள் போட்டுவிடுவது. நிஜத்தில் அப்படி ஒரு கேபிள் எங்கேயும் இல்லை. சுவிட்சின் 22ஆம் போர்ட்டிலிருந்து ரேக்கிலுள்ள பேனல் 'அ' முன்பக்கம் 14 வரை ஒரு பேட்ச் கார்டு, அதாவது குட்டை இணைப்பு ஒயர். பேனல் 'அ' பின்பக்கம் 14இலிருந்து சீலிங் வழியாகப் பேனல் 'ஆ' பின்பக்கம் 14 வரை ஒரு நீள ஒயர். பேனல் 'ஆ' முன்பக்கம் 14இலிருந்து சர்வர் வரை இன்னொரு பேட்ச் கார்டு. மூன்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

அதற்கு முதலில் பேட்ச் பேனலையும் ஒரு டிவைஸாக உருவாக்க வேண்டும். டிவைஸ் டைப்பிலேயே (அந்த மாடலுக்கான அச்சு) 24 ரியர் போர்ட், பிறகு 24 ஃப்ரன்ட் போர்ட் கொடுத்து ஒன்றுக்கு ஒன்று இணைத்துவிடுங்கள். பெயர் இடத்தில் [1-24] என்று போட்டால் எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும். டிவைஸ் டைப்பை முடித்த பிறகுதான் பேனலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்த பிறகு டைப்பைத் திருத்தினால், ஏற்கனவே இருக்கும் பேனலுக்குப் புது போர்ட் வராது. நான் ஒரு மதியம் முழுக்க இதில் வீணாக்கியிருக்கிறேன். 12 இழையும் ஒரே கனெக்டரில் வரும் எம்பிஓ ஃபைபர் என்றால் கணக்கு வேறு: பின்னால் ஒரே ரியர் போர்ட், 12 பொசிஷன், முன்னால் 12 ஃப்ரன்ட் போர்ட்.

சரி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுவிட்சில் எல்எல்டிபி (கருவிகள் தாங்கள் யார் என்று பக்கத்துக் கருவிக்குச் சொல்லும் நெறிமுறை) பார்த்தால் எதிர்முனைக் கருவி தெரியும், நடுவில் இருக்கும் பேனல்கள் தெரியாது. அதனால் டோனரோடு (ஒயரில் ஒலிச் சமிக்ஞை அனுப்பி மறுமுனையைக் கண்டுபிடிக்கும் கருவி) நடக்கத்தான் வேண்டும். இரண்டு பேர் போனால் நல்லது: ஒருவர் ஒரு முனையில், இன்னொருவர் மறுமுனையில், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு.

லேபிளில் கேபிள் எண்ணை மட்டும் ஒட்டுகிறேன், இரண்டு முனையிலும் ஒரே எண். 'சர்வர் 3க்கு' என்று எழுதினால், அந்தச் சர்வர் இடம் மாறிய அன்றே லேபிள் பொய்யாகிவிடும். அதே எண்ணை நெட்பாக்ஸில் கேபிளின் லேபிள் இடத்தில் போடுங்கள்.

இன்னும் இழுக்காத ஒயரை 'பிளான்ட்' (Planned, திட்டமிட்டது) என்று வையுங்கள், செருகிய பிறகு 'கனெக்டட்' ஆக்குங்கள். நீளத்தையும் போடச் சொல்வேன், பலர் விட்டுவிடுகிறார்கள். செப்பு ஒயரில் நிலையாக ஓடும் பகுதிக்கு 90 மீட்டர், பேட்ச் கார்டுகளுக்கு மொத்தம் 10 மீட்டர் என்பதுதான் எல்லை. மூன்று கேபிளுக்கும் நீளம் இருந்தால் கேபிள் போகும் பாதையைக் காட்டும் ட்ரேஸ் பக்கமே மொத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

எல்லாம் பதிந்ததும் சர்வரின் இன்டர்ஃபேஸில் ட்ரேஸை அழுத்துங்கள். சுவிட்சின் 22ஆம் போர்ட் வரை மூன்று துண்டாக ஓட வேண்டும். பேனல் 'ஆ' பின்பக்கத்திலேயே நின்றுவிட்டால், சீலிங் ஒயரைப் பதிய மறந்திருக்கிறீர்கள், அல்லது 14க்குப் பதில் 15இல் பதிந்திருக்கிறீர்கள். திரையில் மட்டும் திருத்திவிட்டு எழுந்துவிடாதீர்கள், டார்ச்சை எடுத்துக்கொண்டு பேனலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.